நாற்காலிக்காரர்கள் ஏன் என்னைக் கூப்பிடுகிறார்கள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், வீடும் வாசலும் நலம். நீங்கள் போன தடவை வந்தபோது பொருத்திக் கொடுத்த இன்டர்நெட் போன் மட்டும் நலமாக இருக்கிறதா இல்லையா என்பதே எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் என் மகளும் உடல் நலத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. மன நிம்மதியைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி, முட்டி தேய்ந்த பிறகு புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். என் போன் சரியில்லை என்று போன் செய்து சொல்கிறவர்களிடம், "சரியில்லாத போன்ல எப்படிங்க பேசறீங்க, எழுத்துல குடுங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

முதலில் என் அடிப்படைச் சந்தேகம். இந்த நம்பர் எங்கே இருக்கிறது? எங்கள் காலத்தில் நம்பர் என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் அதற்கென்று ஒரு முனை, அங்கிருந்து ஒரு ஜோடி செப்புக் கம்பி, அது தெருமுனைப் பெட்டிக்கு வந்து, கம்பம் ஏறி, ஒரு வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் முடியும். நம்பரைச் சொன்னால் எந்த வீடு, எந்த மாடி, நாய் உண்டா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவேன். நீங்கள் கொடுத்த நம்பரோ உங்கள் ஊர் நம்பர். ஆரம்ப எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அடிப்பது இங்கே, நம் வீட்டுக் கூடத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே. இதை உங்களிடம் கேட்டபோது நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். "நம்பர் எங்கயும் இல்ல மாமா. ஒரு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். நீங்க இந்தப் பெட்டியை எங்க கொண்டுபோய் இன்டர்நெட்ல சொருகினாலும் அங்க வந்து அடிக்கும்." நானும் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை முன்னால் புரியவில்லை என்று சொல்ல எந்த மாமனாருக்கு மனசு வரும்? நீங்கள் கிளம்பிப் போன மறுநாளே ஒயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போனிலிருந்து ஒயர் உங்கள் சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் போகிறது, அதிலிருந்து கொம்பு முளைத்த பெரிய பெட்டிக்கு, அதிலிருந்து சுவரோரமாகக் குளியலறை ஜன்னலைத் தாண்டி மொட்டை மாடிக்கு, அங்கிருந்து தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய் ஒரு பெரிய ஒயர்க் கத்தையில் கலந்துவிடுகிறது. எதிர்க் கட்டடக் காவலாளி என்னைப் பார்த்து, "என்ன சார் தேடறீங்க?" என்று கேட்டார். "ஒரு நம்பர்" என்றேன். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

என்னோடு வேலை பார்த்தவரை உங்களுக்கு நினைவிருக்கும், கம்பம் என்று நாங்கள் கூப்பிடுவோமே, மூன்று தடவை கம்பத்திலிருந்து விழுந்தும் ஒன்றும் ஆகாதவர். அவரை வரவழைத்தேன். அவர் நம்பவே இல்லை. "அந்த ஊர் நம்பர் இந்த ஊர்ல அடிக்கணும்னா நடுவுல யாராவது கம்பி இழுத்திருக்கணும். யார் இழுத்தா, நமக்குத் தெரியாம?" என்று கேட்டார். சரி, செய்து பார்த்துவிடலாம் என்று, எனக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் கைபேசியிலிருந்து அந்த நம்பரைப் போட்டார். பக்கத்தில் இருந்த என் போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றார். ஒரு ஹலோ அவர் வாயிலிருந்து நேராக வந்தது. சற்றுப் பொறுத்து அதே ஹலோ போனுக்குள்ளிருந்து வந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கிறவருடைய பேச்சு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு என் காதுக்கு வருகிறது, மாப்பிள்ளை. இரண்டு பேரும் வெகுநேரம் ஹலோ சொல்லிக்கொண்டே இருந்தோம். வேலையிலிருந்து திரும்பி வந்த உங்கள் அத்தை, எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனில் பேசிக்கொள்ளும் எங்களைப் பார்த்துவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

பேச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் கிடைத்த வழியில் அனுப்பி, இந்த முனையில் மறுபடி வரிசையாகக் கோத்துத் தருகிறார்கள் என்று நீங்கள் சொன்னதை இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் என் மகள் "அப்பா" என்று கூப்பிடும்போது முதல் பாதி ஒரு வழியிலும் மறு பாதி வேறு வழியிலும் வருகிறதா? நடுவில் ஒரு துண்டு வழி தவறிவிட்டால் என்ன செய்வார்கள்? சில நாள் அவள் குரல் கரகரவென்று தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. அன்றைக்கு ஏதோ துண்டு வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவள் குரல் என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த வரைக்கும் எனக்கு இந்தப் பெட்டியின் மேல் மரியாதை உண்டு. அவள் பேசுவாள் என்றுதான் பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது புகாருக்கு வருகிறேன். இந்த நம்பரில் என் மகள் பேசுவது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். மற்ற நேரமெல்லாம் நாற்காலிக்காரர்கள். உங்கள் ஊரில் நாற்காலிகளுக்கு ஏதாவது நோய் வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் கூப்பிட்டவர் ஒரு மேலாளர். அதிகாரமான குரல், ஆனால் அழாத குறை. "சார், உட்கார்ந்தா மெல்லக் கீழ இறங்குது சார். மீட்டிங் ஆரம்பிக்கறப்ப எல்லாருக்கும் சமமா இருக்கேன், முடியறப்ப மேஜைக்கு மேல என் தலை மட்டும்தான் தெரியுது. அப்புறம் நான் சொல்றதை எவனும் கேக்க மாட்டேங்கறான்" என்றார். ஐயா, இது வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் புகார் என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. புகார்ப் பிரிவில் என் நாற்காலியும் இப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. "தண்ணிக் குழாய்ல ஒரு துண்டு வெட்டி, நீளவாக்குல கீறி, நடுத் தண்டுல மாட்டிடுங்க. அதுக்கு மேல இறங்காது" என்று சொன்னேன். மறுநாள் அவரே கூப்பிட்டு நன்றி சொன்னார். இப்போது மீட்டிங் முடியும் வரை உயரமாக இருக்கிறாராம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அசைந்தாலே நாற்காலி கீச்சென்று கத்துகிறது, கண்ணசந்து எழுந்தால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்று ஓர் அம்மா. எந்தத் திருகில் எண்ணெய் விட வேண்டும் என்று சொன்னேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பின்பக்கமாக உருண்டு போகிறது என்று ஒருவர். "தரை சாய்வா இருந்தா நாற்காலி என்ன பண்ணும்? மேஜையைத் திருப்பிப் போடுங்க" என்றேன். திருப்பிப் போட்டாராம், இப்போது முன்பக்கமாக உருண்டு முதலாளி அறைக் கதவில் போய் இடிக்கிறாராம். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். "பேசினதுக்கெல்லாம் காசா, நல்லா இருங்க" என்பேன். "எப்ப ஆள் அனுப்புவீங்க?" என்பார்கள். "ஆள் எதுக்கு, அதான் சொல்லிட்டேனே" என்பேன். சென்ற வாரம் ஓர் அலுவலக நிர்வாகி அம்மா, ஒரு ஹால் நிறைய நாற்காலி இருக்கிறது, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "ஏம்மா, ஒரு ஹால் நாற்காலியும் ஒரே சமயத்துல கெட்டுப்போச்சுன்னா குறை நாற்காலியில இல்ல, உட்கார்றவங்க கிட்ட இருக்கு. நடுநடுவுல எழுந்து நடக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, மேலிடத்தில் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது? நம்பருக்கு ஓர் இடம் இல்லை என்றால் இப்படித்தான் கண்டவர்களும் வந்து நுழைவார்கள் என்பது என் எண்ணம்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, இந்த நம்பர்ல வேற கால் வந்தா நீங்க கண்டுக்காதீங்க, நாங்க எடுத்துப்போம்" என்று சொன்னது நினைவில் இருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் நாங்களே பரிமாறிக்கொள்கிறோம் என்பார்களே, அந்த மாதிரி மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கூடத்தில் அடிக்கிற போனை அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எப்படி எடுப்பீர்கள்? மேலும், எது மகள் கால், எது வேறு கால் என்பது எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆகவே எல்லாவற்றையும் எடுக்கிறேன். அதிலும் முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறேன். புகார்ப் பிரிவில் எனக்கு அதில்தான் பெயர். இரண்டாவது மணி அடிக்கவிட்டால் அது தூங்குகிற அலுவலகம் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் பழக்கினேன். கை இன்னும் அதை மறக்கவில்லை.

இப்போது மன நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். ஒரு துண்டும் விடுபடாமல் குரல் தெளிவாகத்தான் வந்தது, ஆனால் அதில் தெம்பே இல்லை. "கடைக்குக் காலே வர்றதில்லப்பா. வர்றதும் ஒரு தடவை அடிச்சுட்டு, எடுக்கறதுக்குள்ள நின்னுடுது. அவரே திரும்பக் கூப்பிட்டா, அதான் பேசியாச்சே, சரியாயிடுச்சேங்கறாங்க. யாரோ போட்டிக்காரன் நடுவுல புகுந்து கலைக்கிறான்னு அவருக்குச் சந்தேகம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாத்துட்டுக் கடையை மூடிட்டு, பழைய கம்பெனிலயே போய்க் கேக்கலாம்னு இருக்கார். சரியா சாப்பிடறதே இல்லப்பா" என்றாள். கேட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு நீங்கள் சொந்தமாக ஆரம்பித்தபோது எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் ஒருவன்தான் உங்கள் பக்கம் நின்றேன். என்ன தொழில் என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "முதுகெலும்பு ஆரோக்கியம் சம்பந்தப்பட்டது மாமா" என்றீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் மாப்பிள்ளை மருத்துவத் துறையில் இருக்கிறார் என்றுதான் சொல்லிவருகிறேன். ஒரு பெரியப்பா தன்னுடைய இடுப்பு எக்ஸ்ரேயை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார், அடுத்த முறை வரும்போது பார்த்துச் சொல்லவும். குணமானவர்கள் திரும்பி வராதது உங்கள் துறையில் உள்ள சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போட்டிக்காரன் மட்டும் யார் என்று தெரியட்டும். அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவனை நான் சும்மா விடமாட்டேன். கம்பமும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் ஒரே ஒரு யோசனை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போனைச் சீக்கிரம் எடுங்கள். ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது என்றால் நீங்கள் இன்னும் வேகமாக எடுக்க வேண்டும் என்று அர்த்தம். என்னைப் பாருங்கள், ஒரு நாற்காலிக்காரர்கூட என்னிடமிருந்து தப்பியதில்லை.

இந்தப் போனில் இன்னொரு குறையும் உண்டு. மின்சாரம் போனால் இதுவும் செத்துவிடுகிறது. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், ஊரே இருண்டாலும் அது பேசும். சென்ற வாரம் ஒரு பகல் முழுக்க இங்கே மின்சாரம் இல்லை. ஊமையாகிப் போன போனுக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் உங்கள் கடையில் விடாமல் கால் வந்து, நீங்கள் மூன்று இடங்களுக்குப் போய்விட்டு வந்ததாக மகள் சொன்னாள். எனக்குக் கெட்ட நாள் உங்களுக்கு நல்ல நாளாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தயவுசெய்து இந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, ஓர் இடத்தில் நிற்கிற, ஓர் ஊருக்குச் சொந்தமான, நாற்காலி வாடையே இல்லாத நம்பர் ஒன்றை எனக்கு வாங்கித் தரவும். பெட்டி வேண்டாம் என்பதால் உங்கள் மேல் மரியாதை இல்லை என்று நினைக்க வேண்டாம். தொழிலைப் பற்றிக் கவலைப்படாமல் வேளைக்குச் சாப்பிடவும். மகளிடம் அப்பா விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி ஒரு துண்டுகூடக் குறையாமல் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது அனைத்தையும் ரத்து செய்யவும். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் எழுத்தில் கொடுத்த புகாரை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும், அது முறை.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாப்பிள்ளை என்ன தொழில் பண்றாருன்னு நினைச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். "மருத்துவத் துறை" என்றேன். "ஆபீஸ் நாற்காலி ரிப்பேர் பண்றாருங்க. போன தடவை வந்தப்ப என் ஆபீஸுக்கு வந்து என் நாற்காலியையே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனாரே" என்றாள். அதை நான் மாமியார் மேல் இருக்கும் பிரியம் என்று நினைத்திருந்தேன். "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க பெருமையா பேசறப்ப குறுக்க வருவானேன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு அவளே விளக்கினாள். கடை நம்பர்தான் இந்த நம்பராம். தனிச் செலவு வேண்டாம் என்று அதிலேயே எனக்கும் ஓர் இணைப்புக் கொடுத்திருக்கிறீர்களாம். யார் கூப்பிட்டாலும் கடையிலும், மகள் கைபேசியிலும், இந்தச் செருப்பு அலமாரி மேலும் ஒரே நேரத்தில் அடிக்குமாம். யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பேச்சு, மற்ற இடங்களில் நின்றுவிடுமாம். மாப்பிள்ளை, அந்தப் போட்டிக்காரன் கிடைத்துவிட்டான். கம்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போக வேண்டியதில்லை.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதைவிட வேதனையாக இருக்கிறது. நீங்கள் அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க, நான் இங்கே உங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் குழாய் வெட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அத்தை உடனே தன் கைபேசியில் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது எனக்கு இங்கே வரை கேட்டது. கூப்பிட்டவர்கள் நம்பரெல்லாம் இந்தப் போனின் சின்னத் திரையில் அப்படியே இருக்கின்றன. குழாய் மாட்டினவர்களுக்கு அது தற்காலிகம்தான் என்று நானே சொன்னதாகச் சொல்லுங்கள். கடையை மூடக் கூடாது. பெட்டியையும் கழற்ற வேண்டாம், எனக்குக் கையைக் கட்டிக்கொள்ளத் தெரியும். எக்ஸ்ரேயைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. முதல் மணி. என் கை தானாகப் போயிற்று, உங்கள் அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது மணியும் அடித்தது. என் வாழ்க்கையில் ஒரு போன் இரண்டாவது மணி அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. மூன்றாவதின் நடுவில் நின்றது. நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சற்று முன் மகள் உங்கள் அத்தையின் கைபேசியில் பேசினாள். கூப்பிட்டது அந்த ஹால் நிறைய நாற்காலி வைத்திருக்கிற அம்மாதானாம், மேலிடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்களாம், நாளைக்கே நீங்கள் போகிறீர்களாம். "முன்னாடி ஒருத்தர் பேசினாரே, ரொம்ப நல்லா சொன்னாரே, அவர் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "அவர் ஓய்வு பெற்றுட்டார்" என்று நீங்கள் சொன்னீர்களாம். சரியான பதில், மாப்பிள்ளை. முதல் தடவை ஓய்வு பெற்றபோது எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை.